குன்னூர் ஏற்றத்தில் நின்ற டர்போ

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்குப் போகும் மலைச்சாலை சுமார் 50 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டர். இந்த உயரத்தில் பெரும்பங்கு கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில், 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் ஏறி முடிந்துவிடுகிறது. டீசல் வண்டியின் டர்போ நல்ல நிலையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள கோவைப் பக்கத்தில் இதைவிடக் கறாரான சாலை இல்லை. சமவெளியில் பல மாதம் மறைந்து கிடக்கும் கோளாறு இங்கே அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

மே மாதக் காலை ஒன்றில் காரமடையிலிருந்து ஏழு பேருடன் உதகைக்குக் கிளம்பிய டீசல் ஜீப்புக்கு அதுதான் நேர்ந்தது. இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். ஓடிய தூரம் 1,60,000 கிலோமீட்டருக்கு மேல். சீசன் காலத்தில் மேலே போகும் வண்டிகளைக் குன்னூர் பாதையிலும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி பாதையிலும் திருப்பிவிடுவது வழக்கம். 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸும் வேண்டும். இரண்டையும் முறையாகக் கடைப்பிடித்துத்தான் அந்த வண்டி பவானிப் பாலத்தைத் தாண்டியது.

கல்லாறு வரை சாலையும் ரயில் பாதையும் பாக்குத் தோப்புகளை ஒட்டிப் போகின்றன. கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் மலை ரயிலின் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் தொடங்குகிறது. 12 அடி நகர்ந்தால் 1 அடி ஏறும் சரிவு அது. அந்தச் சரிவுக்கென்றே வந்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையும் சிலவற்றைச் செய்து கொடுத்தது. அவற்றின் அமைப்பை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சாதாரணப் பாதையில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல் சட்டத்துக்கு வந்ததும், அந்த இரண்டும் வேலை முடித்து வெளியே விடும் நீராவி காற்றோடு போவதில்லை. மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் நுழைந்து பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒருமுறை உழைத்த நீராவி மலை ஏற இன்னொரு முறை உழைக்கிறது.

அதே வின்டர்தூரில் 1879-ல் பிறந்தவர் ஆல்ஃபிரெட் பூஹி. எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகையில் வீணாகும் சக்தியைக் கொண்டு உள்ளே போகும் காற்றை அழுத்தலாம் என்று 1905-ல் அவர் காப்புரிமை பதிந்தார். அதுதான் டர்போ. அந்த யோசனை கைகூட இருபது ஆண்டுகள் பிடித்தன. 1925 வாக்கில்தான் அவருடைய ஏற்பாட்டால் டீசல் எஞ்சின் ஒன்று 40 சதவீதம் கூடுதல் சக்தி தந்தது. இதற்கு நடுவில், 1918-ல், சான்ஃபோர்டு மாஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, 14,109 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய் டர்போவைச் சோதித்தார். மெல்லிய காற்றில் எஞ்சின் சக்தி இழக்கிறது, டர்போ அதை மீட்டுக் கொடுக்கிறது என்பதை உலகம் கண்ணால் கண்டது மலை மேல்தான். முதலில் கப்பல், பிறகு லாரி என்று வந்த டர்போ டீசல், கடைக்கு வரும் காரில் ஏறியது 1978-ல், மெர்சிடிஸ் 300 எஸ்டி வண்டியில். கல்லாறு தாண்டி ஏறும் ஜீப்பும், பக்கத்துச் சரிவில் ஏறும் ரயிலும், கழிவிலிருந்து இரண்டாவது வேலை வாங்கும் ஒரே யோசனையில்தான் மலை ஏறுகின்றன.

உயரத்துக்கும் காற்றுக்கும் உள்ள கணக்கு எளிது. உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே அதிகம். டீசல் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் டீசலையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கரும்புகை. இரண்டரை லிட்டர் எஞ்சின் 2,400 சுற்றில் ஓடும்போது, டர்போ இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 3,000 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ அந்தக் காற்றை ஏறத்தாழ இரு மடங்கு நெருக்கமாக அழுத்தி உள்ளே தள்ளுகிறது. மலை மேல் போகப் போகக் காற்று மெலிவதால், அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சினுக்குச் சுமை கூடும் அதே நேரத்தில் டர்போவுக்கும் சுமை கூடுகிறது. தளர்ந்த டர்போ மலையில் உயிரை விடுவதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே இருப்பது மிகச் சிறிய பொருள். விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் புகை சுழற்றும் டர்பைன் சக்கரம், மறு முனையில் காற்றை அழுத்தும் அலுமினியச் சக்கரம். இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 2,500 சுற்று சுற்றுகிறது. பெரும்பாலான டீசல் வண்டிகளின் டர்போவில் உருண்டை பேரிங் கிடையாது. பித்தளை வளையங்கள் இரண்டு. வளையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஆயில். தண்டு ஆயிலில் மிதந்தபடி சுற்றுகிறது. தலைமுடியின் தடிமனைவிட மெல்லிய அந்த ஆயில் படலம் உள்ளவரை உலோகத்தை உலோகம் தொடாது. ஒரு பக்கம் 700 டிகிரியை எட்டும் புகை, சில அங்குலம் தள்ளி மறு பக்கத்தில் வெளிக்காற்று. நடுவில் தண்டைத் தாங்கியும் குளிரவைத்தும் காப்பது எஞ்சின் ஆயில். டர்போவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் வைத்தால் போதும் என்றால், அது இந்த ஆயில்தான்.

கல்லாறைத் தாண்டியபோதே அறிகுறி இருந்தது. வழக்கமாக மூன்றாம் கியரில் ஏறும் இடத்தில் வண்டி இரண்டாம் கியர் கேட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஆம்புலன்ஸ் சைரன் தொலைவில் ஒலிப்பதுபோல் மெல்லிய ஊளை எழுந்தது. டர்போ விசில் இயல்பானது, ஊளை இயல்பானதல்ல. சுருதி ஏறி இறங்கும் ஊளை கேட்டால், சக்கரம் தன் கூட்டின் சுவரை உரசத் தொடங்கிவிட்டது என்று பொருள். மங்குஸ்தான் மரங்களுக்குப் பேர்போன அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கும் பர்லியாரைத் தாண்டி, இரண்டாவது வளைவில் ஊளை சட்டென்று நின்றது. வண்டியின் இழுவையும் அதோடு நின்றது. பின்னால் சாலை தெரியாத அளவுக்கு நீலம் பாய்ந்த வெள்ளைப் புகை.

புகையின் நிறம் பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை: ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளிப் கழன்றிருக்கலாம், டர்போ அழுத்தம் தராமல் இருக்கலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இழுவை போய், ஊளையும் கேட்டு, நீலப்புகையும் வந்தால் தண்டு பேரிங்கை விட்டுவிட்டது என்றே கொள்ளலாம்.

இந்த நிலையில் ஓர் ஆபத்து உண்டு. மலைச்சாலையில் டீசல் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டர்போவிலிருந்து கசியும் ஆயில் காற்றுக்குழாய் வழியாக எஞ்சினுக்குள் போனால், டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் அணையாது; தானாகவே வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்போது பிரேக்கை முழுக்க அழுத்திப் பிடித்து, மேல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் அது முடியாது. காற்று உள்ளே இழுக்கும் வாயைப் பலகையால் அடைப்பதே வழி. கையால் அடைக்கவே கூடாது. பர்லியாரில் நின்ற ஜீப் நல்வாய்ப்பாகச் சாவிக்கே அடங்கியது.

அடுத்து வரும் ஆசை, எஞ்சினை அணைத்த நிலையிலேயே மேட்டுப்பாளையம் வரை உருட்டிக்கொண்டு இறங்கிவிடலாம் என்பது. இது உயிரோடு விளையாடுவது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்குவம் கிடையாது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். எஞ்சின் பிடிமானமும் இல்லாமல் கொண்டை ஊசி வளைவில் ஏழு பேருடன் இறங்குவதைவிட, மீட்பு லாரிக்காக இரண்டு மணி நேரம் குரங்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது மேல். லாரியோடு வந்தவர் பானெட்டைத் திறந்து, ஒரு ஹோஸைக் கழற்றி, உள்ளே விரல் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி: “டர்போ போச்சுங்ணா, இனி செல்ஃப் அடிக்காதீங்க.” வண்டி காரமடைக்குத் திரும்பியது. குடும்பம் குன்னூருக்குப் பேருந்து ஏறியது.

டர்போ மாற்றுவது வீட்டு முற்றத்தில் செய்யக்கூடிய வேலைதான். பட்டறைக்கு மட்டுமே உரிய கருவிகள் அதிகம் தேவைப்படுவதில்லை. தேவை சமமான சிமென்ட் தரை, ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் கொண்ட ஒரு செட், இரவல் வாங்கினாலாவது ஒரு டார்க் ரெஞ்ச், அந்த வண்டிக்கான கையேடு, இரண்டு நாள் அவகாசம். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் கல்லை அடுக்கியோ அடியில் படுக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வேண்டும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் எலெக்ட்ரானிக்காக உள்ள புதிய வண்டிகளில் கடைசியில் ஸ்கேனர் வைத்து அளவு பதிய வேண்டியிருக்கும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டறையை நாடுவது நல்லது.

முதல் வேலை கழற்றுவதல்ல, உறுதி செய்வது. டர்போவுக்குக் காற்று வரும் ஹோஸைக் கழற்றி, அலுமினியச் சக்கரத்தின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும். ஆயில் நிறைந்திராதபோது அது இயல்பு. முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளும்போது ஆட்டம் தெரியவே கூடாது. சக்கரம் கூட்டின் சுவரைத் தொட்டாலோ, இதழ்களின் விளிம்பு மழுங்கியிருந்தாலோ பேச்சுக்கு இடமில்லை. காரமடை ஜீப்பில் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இதழ்களின் முனைகள் தேய்ந்து, கூட்டின் உள்சுவரில் வெள்ளிக் கோடுகள் விழுந்திருந்தன.

முந்தின நாள் மாலையே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, டர்போவை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டு நட்டுகளின் மேல் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைக்க வேண்டும். படுக்கப் போகும் முன் ஒருமுறை, விடியற்காலையில் ஒருமுறை. இந்த வேலையில் ஆளை அழவைப்பவை இந்த நட்டுகள்தான். ஆண்டுக்கணக்கில் செந்தணலாகக் காய்ந்து ஆறிய இரும்பு, ஸ்டட்டோடு ஒட்டிப் போயிருக்கும். வேகப்பட்டு நீளக் கம்பியால் திருகினால் ஸ்டட் முறியும். முறிந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும். ஆறு பட்டை முழுதாகப் பிடிக்கும் சாக்கெட்டை மாட்டி, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்த வேண்டும். “டிக்” என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு நட்டு வழிக்கு வந்துவிடும். நான்கில் மூன்று நட்டுகள் அப்படி வந்தன. நான்காவது ஸ்டட்டோடு சேர்ந்து திரும்பி முழுதாக வெளியே வந்தது. அதில் கெடுதல் இல்லை, புது ஸ்டட் போட்டால் போதும்.

அதற்கு முன்பே எஞ்சின் ஆயிலை முழுக்க இறக்கிவிட வேண்டும். டர்போவுக்குக் கூலன்ட் குழாய் வருகிற வண்டியானால் கூலன்டையும் இறக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு ஹோஸையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது, மாட்டும்போது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். போல்டுகளை வரிசை குலையாமல் வைக்கப் பழைய இட்லித் தட்டுக்கு நிகர் எதுவும் இல்லை: காற்றுக்குழாய்க்கு ஒரு குழி, வெப்பத் தகட்டுக்கு ஒரு குழி, ஆயில் குழாய்க்கு ஒரு குழி. மேலிருந்து ஆயில் கொண்டுவரும் குழாயின் பேஞ்சோ போல்ட், அதன் இருபுறமும் செம்பு வாஷர். கீழே ஆயிலைத் திருப்பி அனுப்பும் தடித்த குழாய். சைலன்சர் பக்கம் போகும் இணைப்பு. கடைசியாக மேனிஃபோல்டு நட்டுகள். டர்போ கையில் வந்ததும், திறந்து கிடக்கும் வாய்களை எல்லாம் உடனே மூட வேண்டும். பட்டறைகளில் கை துடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்டை இதற்குத் திணிக்கக் கூடாது. அதிலிருந்து பிரியும் ஒரு நூல் ஆயில் துளைக்குள் போனால் போதும், புது டர்போவின் ஆயுள் முடிந்தது. பிளாஸ்டிக் மூடியோ, பாலிதீன் தாளும் ரப்பர் பேண்டுமோ நல்லது.

பழைய டர்போ ஏன் போனது என்று பாராமல் புதியதை மாட்டுபவர்கள் ஏராளம். வீட்டில் செய்தாலும் பட்டறையில் செய்தாலும் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு அதுதான். டர்போ தானாகச் சாவது அரிது. அதற்கு ஆயில் கிடைக்காமல் போகிறது, அல்லது அழுக்கு ஆயில் கிடைக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் சரியாக அமராமல் மணல் உள்ளே போகிறது, அல்லது எங்கோ கிழிந்த ஹோஸில் காற்று கசிய, குறையை ஈடுகட்ட அது அளவுக்கு மீறிச் சுற்றுகிறது. காரணம் அப்படியே இருந்தால் புது டர்போவும் அதே வழியில் போகும், பல நேரம் ஒரே மாதத்தில்.

காரமடை முற்றத்தில் காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆயில் கொண்டுவரும் மெல்லிய இரும்புக் குழாயின் ஒரு முனையில் சிரிஞ்சால் டீசல் செலுத்தியபோது மறு முனையில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குழாயை அறுத்துப் பார்த்தால், மேனிஃபோல்டை ஒட்டி வளையும் இடத்தில் உள்சுவர் முழுக்க விறகடுப்புச் சட்டியின் அடிபோல் கரி. ஊசி நுழையும் அளவுக்கே வழி. வண்டியின் சர்வீஸ் நோட்டு மீதியைச் சொன்னது: 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயில் 18,000 வரை ஓடியிருந்தது, இரண்டு முறை. இதோடு ஒரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஏற்றம் முடிந்து குன்னூரில் டீக்கடை கண்டதும் வண்டியை நிறுத்தி உடனே சாவியைத் திருப்புவது. எஞ்சின் நின்றதும் ஆயில் ஓட்டமும் நின்றுவிடுகிறது. டர்போவின் சூடு நிற்பதில்லை. குழாயில் தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் வெந்து கரியாகிறது. ஒவ்வொரு டீக்கும் ஒரு படலம்.

கரி பிடித்த குழாயைக் கழுவித் திரும்ப மாட்டக் கூடாது. கழுவும்போது போகாத ஒரு துணுக்கு, ஓடும்போது பெயர்ந்து பேரிங்குக்குள் போகும். குழாய், பேஞ்சோ போல்ட், செம்பு வாஷர்கள், எல்லாக் கேஸ்கெட்டுகளும் புதிதாக இருக்க வேண்டும். சில எஞ்சின்களில் அந்தப் போல்டுக்குள்ளேயே சின்ன வலை ஒன்று ஒளிந்திருக்கும். அது அடைத்திருப்பது தெரியாமல் மூன்று டர்போ மாற்றுவதும் நடக்கக்கூடியதே.

கீழ்க்குழாயையும் பார்க்க வேண்டும். அதில் ஆயில் தன் எடையால் மட்டுமே வடிகிறது. தள்ள எந்த அழுத்தமும் இல்லை. குழாய் நசுங்கியிருந்தாலோ, எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் அடைத்து எஞ்சினுக்குள் காற்று முட்டி நின்றாலோ ஆயில் வடியாமல் தேங்கி, டர்போவின் இருபுறமும் பிதுங்கி வெளியே வரும். நீலப்புகை பார்த்துக் குற்றமற்ற டர்போக்கள் கழற்றி எறியப்படுவது இப்படித்தான்.

டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரை மறப்பவர்களும் உண்டு. டர்போ உடைந்தபோது வெளியேறிய ஆயிலும் அலுமினியத் தூளும் அதன் வயிற்றில்தான் கிடக்கின்றன. அப்படியே விட்டு எஞ்சினை ஓட்டினால், தூள் சிலிண்டரை அறுக்கும். தேங்கிய ஆயில் முன்பு சொன்ன அடங்காத ஓட்டத்தைக் கொண்டுவரும். ஜீப்பின் இன்டர்கூலரைக் கழற்றித் தலைகீழாகச் சாய்த்தபோது அரை டம்ளர் ஆயில் வடிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, வடித்து, வடிந்ததை வெள்ளைத் துணியில் பார்த்தபோது மினுமினுவென்று தூள். மினுமினுப்பு நிற்கும்வரை ஆறு முறை கழுவி, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்த பிறகே அது திரும்ப ஏறியது. ஏர் ஃபில்டர் பெட்டியும் ஹோஸ்களும் அதே போலச் சுத்தமாயின.

வாங்கும்போது மூன்று வழிகள் உண்டு: முழுப் புது டர்போ; கூடுகளை வைத்துக்கொண்டு நடுப்பகுதியான கோர் மட்டும் புதியது; ரீகண்டிஷன் செய்தது. தமிழ்நாட்டிலேயே பையனூரிலும் புலிவலத்திலும் டர்போ தயாரிக்கும் ஆலைகள் இருப்பதால், பரவலாக ஓடும் வண்டிகளுக்குப் புதியது கிடைப்பது கடினமல்ல. கூட்டின் மேல் ஆணியடித்த தகட்டில் உள்ள எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். ஒரே மாடல் வண்டிக்கு ஆண்டைப் பொறுத்து வேறு டர்போ இருக்கும். கூட்டின் சுவர் உரசி வீணாகியிருந்தால் கோர் மட்டும் போட்டுப் பயனில்லை. சக்கரத்தையும் தண்டையும் வீட்டில் பிரித்து மாற்றும் எண்ணம் வேண்டவே வேண்டாம். ஒன்றரை லட்சம் சுற்றில் ஓடும் பொருளை அதற்கான இயந்திரத்தில் வைத்துத்தான் சமநிலை பார்க்க முடியும். ஆக்சுவேட்டர் கம்பியின் நீளத்தை ஆலையில் வைத்ததுபோலவே விட்டுவிட வேண்டும்; இழுவை கூடட்டும் என்று அதைத் திருகுவது டர்போவையும் எஞ்சினையும் சேர்த்துக் கெடுக்கும். காரமடை வண்டிக்குக் கோவையிலிருந்து புதியதே வந்தது.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். அதில் சில இடங்களில் மட்டும் கவனம் கூட வேண்டும். ஆயில் வரும் பக்கம் எந்தப் பசையும் தடவக் கூடாது. உலர்ந்த பசைத் துண்டு துளையை அடைக்கும். கேஸ்கெட்டும் வாஷரும் மட்டும் போதும். நட்டுகளைக் குறுக்கு வரிசையில், கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். மேல்குழாயை மாட்டும் முன் புது ஆயிலைத் துளையில் மெதுவாக ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வறண்டு சுற்றும் சக்கரம், ஆயில் இறங்க இறங்கப் பட்டுப்போல் வழுக்கும். கீழ்த்துளையில் ஆயில் எட்டிப் பார்த்த பிறகே குழாய் ஏற வேண்டும். எஞ்சினுக்குப் புது ஆயிலும் புது ஃபில்டரும்.

பிறகு டீசல் போகாமல் செல்ஃப் அடிக்க வேண்டும். பழைய எஞ்சினில் டீசலை நிறுத்தும் சாலினாய்டின் ஒயரையும், காமன் ரயில் எஞ்சினில் கையேடு சொல்லும் இணைப்பையும் கழற்றி, பத்துப் பத்து நொடியாக, நடுவில் செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுத்துச் சுற்றினால் ஆயில் விளக்கு அணையும். அணைந்த பிறகு இணைப்பை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐடிலில் விட வேண்டும். சைலன்சரில் மிச்சமிருக்கும் பழைய ஆயில் எரிந்து கொஞ்ச நேரம் புகையும்; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பதற வேண்டியது ஆயில் குழாய் இணைப்பில் ஈரம் தெரிந்தால். முழுக்க ஆறிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது அவசியம். பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கிச் செல்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். இன்டர்கூலர் கழுவிய மண்ணெண்ணெயும் அப்படியே.

இரண்டு நாள் ஊருக்குள் மெதுவாக ஓட்டி, ஹோஸ் கிளிப்புகளைத் தொட்டுப் பார்த்த பிறகு, அடுத்த வாரம் புது இ-பாஸுடன் ஜீப் மறுபடியும் கல்லாறைத் தாண்டியது. பர்லியார் வளைவு மூன்றாம் கியரில் ஏறியது. விசில் இருந்தது, ஊளை இல்லை. குன்னூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கும் வெலிங்டன், கேத்தி, உதகை என்று போய், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா வரை அதே இழுவை. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடவும் குறைவு. நிறுத்துமிடத்தில் வண்டி நின்ற பிறகு இரண்டு நிமிடம் எஞ்சின் ஐடிலில் ஓடியது. அதன் பிறகே சாவி திரும்பியது, அதன் பிறகே டீ.

இறக்கம் கோத்தகிரி வழியாக. காரமடை வந்து சேர்ந்த இரவு, வண்டிக்கு அடியில் பழைய நாளிதழ் விரிக்கப்பட்டது. காலையில் எடுத்துப் பார்த்தபோது தாளில் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை.